கோப்புகளைச் சுருக்கிக் காத்தல்

ஓலைச்சுவடிகளிலே நூல்களைக் காத்துவந்த காலத்தில் அவற்றிற்குப் பகையாயிருந்தவை கறையானும் நீரும் நெருப்புமாம். அச்சுப் பொறி வந்தபின் அப்பகை ஒருவாறு தணிந்தது. ஓரிடத்திலுள்ள பிரதி அழியினும் மற்றோரிடத்தில் வேறொரு பிரதி எஞ்சியிருக்கும். இக்காலத்திலோ நம்முடைய எழுத்துகளும் படங்களும் கணக்குகளும் கணினியின் கோப்புகளாக மாறிவிட்டன. இவற்றைக் காக்க முயல்வோர்க்குப் புதியதொரு பகை தோன்றியிருக்கிறது. தட்டு பழுதுபடவில்லை, கோப்பும் அதில் முழுமையாகவே இருக்கிறது, ஆயினும் அதனைத் திறத்தற்குரிய மென்பொருள் கிடையாமையால், உள்ளிருக்கும் பொருள் இருந்தும் இல்லாததாகிறது.

நமது கலாசாலையின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து தட்டுகளிற் பதிந்து வைக்கவேண்டும் என்ற பேச்சு மாணவரிடையே எழுந்துள்ளது. அது தொடர்பாக நம்மை நாடி வந்தோர் பலரும் கேட்ட கேள்வி ஒன்றே. சுருக்கு மென்பொருள்களுள் எது மிகுதியாகச் சுருக்கும் என்பதே அது. இக்கேள்வி தவறானதன்று, ஆனால் முதலாவதாகக் கேட்கத் தக்கதும் அன்று. முப்பது ஆண்டு கழித்து, நம்மை அறியாத ஒருவர், நாம் கண்டிராத ஒரு கணினியில், சிறிது கீறல் விழுந்த தட்டொன்றை இட்டுத் திறக்க முற்படுவாராயின், அவருக்கு எது உதவும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். அவ்வாறு வினவுங்கால் விடையும் மாறிவிடுகிறது. அதனை விளக்குமுன் சுருக்குதல் என்பது இன்னதெனச் சிறிது கூறுவாம்.

பழைய கணக்கேடுகளைப் பார்த்தவர் இதன் தத்துவத்தை எளிதில் அறிவர். கணக்கர் ஒரே பெயரையோ பண்டத்தையோ வரிதோறும் எழுதமாட்டார். இரண்டாம் வரியில் ‘௸’ என்னும் குறியை இட்டு நிறுத்துவார். ‘மேற்படி’ என்பது அதன் பொருள். வருஷம் என்ற சொல் அடிக்கடி வருதலின் அதனை முழுதும் எழுதாமல் ‘௵’ என்று ஒரே குறியால் முடித்துவிடுவார். இவ்விரண்டு உபாயங்களே இன்றைய சுருக்கு மென்பொருள்களுட் பெரும்பாலானவற்றிற்கும் அடிப்படையாம். முன்பு வந்ததே மீண்டும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாது, முன்பு வந்த இடத்தைச் சுட்டிவிடுதல் ஒன்று. அடிக்கடி வருவதற்குச் சிறு குறியும் அரிதாய் வருவதற்கு நீண்ட குறியும் கொடுத்தல் மற்றொன்று.

முதல் உபாயத்தைக் கணித முறைப்படி வகுத்தவர்கள், இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரிலுள்ள டெக்னியன் கழகத்தைச் சார்ந்த ஆபிரகாம் லெம்பல், யாக்கோபு ஸிவ் என்னும் இருவர். அவர்களுடைய கட்டுரைகள் 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இரண்டாவது உபாயத்தைச் செம்மையாக வகுத்துக் காட்டிய டேவிட் ஹஃப்மனின் கட்டுரை அதற்குமுன் 1952-இலேயே வெளியாயிற்று. மாணவர்க்கு இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. ஹஃப்மன் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அக்காலத்து மாணவராயிருந்தார். அவருடைய ஆசிரியராகிய ராபர்ட் ஃபானோ, இறுதிப் பரீட்சை எழுதுக, அன்றேல் ஒரு கட்டுரை வரைக என்று மாணவர் விருப்பத்திற்கு விட்டாராம். கட்டுரையை மேற்கொண்ட ஹஃப்மன், ஆசிரியராலும் முற்றத் தீர்க்கப்படாதிருந்த கணக்கைத் தீர்த்துவிட்டார். பரீட்சைக்கு அஞ்சுவோரெல்லாம் இவ்வழியை நம்பியிருத்தல் கூடாதென்பது நாம் சொல்லாமலே விளங்கும்.

1989-இல் ஃபில் காட்ஸ் என்னும் அமெரிக்கர் ஸிப் என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டார். பின்னர் அவர் வகுத்த டிஃப்லேட் என்னும் முறை மேற்கூறிய இரண்டு உபாயங்களையும் இணைத்து ஆள்வது. அம்முறையின் விவரம் முழுவதும் 1996-இல் எவரும் படித்தறியத்தக்க பொது ஏடாக வெளியிடப்பட்டது. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் இது மிகவும் வேண்டப்படும்.

தமிழில் எழுதுவோர் அறியத்தக்க ஒரு நுட்பமும் ஈண்டு உண்டு. கணினியில் இப்பொழுது பெரும்பாலும் வழங்கும் யுடிஎஃப்-8 என்னும் குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட் வேண்டும். ‘க’ என்பது 224, 174, 149 என மூன்று எண்களாய்ப் பதிவாகிறது. ‘கி’ என்பதோ ககரத்திற்கு மூன்றும் இகரக் குறிக்கு மூன்றுமாக ஆறு பைட் கொள்கிறது. ஆயின் இம்மும்மூன்று எண்களுள் முதலாவது எப்பொழுதும் 224 ஆகவே நிற்கும். இரண்டாவது 174 அல்லது 175 ஆக மட்டுமே இருக்கும். ஆகவே தமிழுரை பார்வைக்குப் பருத்திருப்பினும் அதனுள் வெற்றிடம் மிகுதி. ஆங்கில உரையைச் சுருக்கினால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்குமாயின், தமிழுரை அதனினும் மிகச் சுருங்கும். தமிழ்க் கோப்புகள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று வருந்துவோர்க்கு இஃது ஓர் ஆறுதல்.

இனி ஓர் எச்சரிக்கை. சுருக்குதல் இருவகைப்படும். திறந்தால் ஓர் அணுவும் குறையாமல் முன்பிருந்தபடியே மீள்வது ஒருவகை. நாம் மேலே கூறியன யாவும் அவ்வகையின. கண்ணுக்கும் செவிக்கும் எளிதில் புலப்படாதவற்றைக் கழித்துவிட்டுச் சுருக்குவது மற்றொரு வகை. படங்களுக்குரிய ஜேபெக்கும் இசைக்குரிய எம்.பி.-3-உம் அவ்வகையின. இரண்டாம் வகை பயனற்றதன்று. நிழற்படம் ஒன்றைத் தூரத்து நண்பருக்கு அனுப்ப அதுவே தகும். ஆனால் மூலப் பிரதியாகக் காக்கவேண்டிய ஆவணத்தில் அது புகுமானால் விளைவு எவ்வாறாகும் என்பதற்கு 2013-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவாம். டேவிட் கிரீசல் என்னும் கணினி அறிஞர், கட்டிட வரைபடம் ஒன்று ஜெராக்ஸ் நிறுவனத்து இயந்திரத்தில் ஸ்கேன் செய்யப்பட்டபோது எண்கள் மாறியிருத்தலை வெளிப்படுத்தினார். வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்தது. பிரதியிலோ மூன்றும் 14.13 என்றே காணப்பட்டன. எழுத்து மங்கவில்லை, மை பரவவில்லை, தெளிவான அச்சில் தவறான எண் நின்றது. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அவ்வியந்திரம், ஒன்றையொன்று ஒத்தனவாகத் தோன்றிய சிறு படத்துண்டுகளை ஒரே துண்டாகக் கொண்டு, அதனையே பல இடங்களிலும் ஒட்டிவிட்டமையே காரணம். கணக்கர் தவறான இடத்தில் ‘௸’ இட்டாற்போல் ஆயிற்று. அந்நிறுவனம் பின்னர்த் திருத்தம் வெளியிட்டது. மங்கிய பிரதியைக் கண்டால் ஐயுறுவோம். தெளிவான பிரதியை யார் ஐயுறுவர்? ஆதலின் பழைய மலர்களை ஸ்கேன் செய்வோர், டிஃப் அல்லது பி.என்.ஜி. என்னும் வடிவங்களில் இழப்பின்றி மூலப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, படிப்பவர் கைக்கு மட்டும் சிறிய பிரதியைக் கொடுத்தல் வேண்டும்.

இவ்வாறு எடுத்த படங்களுள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை பல. ஒருமுறை பிழிந்த கரும்பை மறுமுறை ஆலையிலிட்டால் சாறு எவ்வளவு வரும்? ஜேபெக் படங்களையும் ஒளிக்காட்சிகளையும் ஸிப்பில் இட்டால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைவதும் அரிது. மிகுதியும் படங்களேயான ஒரு தொகுதிக்குச் சுருக்கு மென்பொருளே வேண்டியதில்லை என்பது நமது கருத்து. அவற்றை அடைவாகப் பெயரிட்டு அப்படியே தட்டிற் பதிந்துவிடலாம். கட்டி வைக்கத்தான் வேண்டுமாயின், சுருக்காமல் கட்ட மட்டும் செய்யும் ஏற்பாடு ஸிப்பிலும் உண்டு.

உரைகளும் கணக்குகளும் அட்டவணைகளும் மிகுந்த தொகுதிக்கே தெரிவு செய்யவேண்டிய கடமை எழுகிறது. இன்று வழங்கும் வடிவங்களுள் ஸிப் எங்கும் உள்ளது. ருஷ்ய நாட்டு யூஜின் ரோஷால் 1993-இல் இயற்றிய ரார் ஒன்று. அந்நாட்டவரேயான ஈகார் பாவ்லாவ் 1999-இல் வெளியிட்ட 7-ஸிப் மற்றொன்று. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஜீஸிப், பீஸிப்-2, எக்ஸ்-ஸெட், எல்-ஸிப், ஸெட்-ஸ்டாண்டர்டு முதலியன வழங்கும். மிகுதியாகச் சுருக்குவதில் 7-ஸிப்பும் எக்ஸ்-ஸெட்டும் முன்னிற்பன என்பதில் ஐயமில்லை. காரணமும் எளிதே. ஸிப்பின் டிஃப்லேட் முறையானது, முன்பு வந்ததைத் தேடும்போது 32,768 பைட் தூரத்திற்கு அப்பால் திரும்பிப் பாராது. 7-ஸிப்போ பல மெகாபைட் தூரம் பின்னோக்கிப் பார்க்கும். முதற்பக்கத்தில் வந்த சொற்றொடர் முந்நூறாம் பக்கத்தில் மீண்டும் வந்தால் ஸிப் அதனை மறந்திருக்கும்; மற்றையது நினைவில் வைத்திருக்கும்.

ஆயினும் அளவு ஒன்றையே பார்த்து வடிவத்தைத் தெரிந்துகொண்டவர்கள் அடைந்த நிலையை ஏஸ் என்பதன் கதையால் அறியலாம். 1990-களின் பிற்பகுதியில் ஏஸ் என்றொரு சுருக்கு வடிவம் தோன்றியது. அந்நாளைய ஸிப்பினும் மிகுதியாகச் சுருக்கியமையின் பலர் அதனை விரும்பினர். ஆனால் அதன் மூல நிரல் வெளியிடப்படவில்லை. இயற்றியவர்கள் கொடுத்த திறவு நிரலையே யாவரும் வாங்கிப் பயன்படுத்த நேர்ந்தது. வின்ரார் என்னும் பெயர்பெற்ற மென்பொருளும் அதனையே தன்னுள் வைத்திருந்தது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில், செக் பாய்ண்ட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர், அத்திறவு நிரலில் ஒரு பெரும் பழுது இருப்பதையும், அது 19 ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாதிருந்ததையும் வெளியிட்டனர். தீய நோக்குடையோர் அனுப்பும் கோப்பொன்றைத் திறந்த மாத்திரத்தில் கணினி அவர் வசமாகத் தக்க பழுது அது. வின்ரார் நிறுவனத்தார் அதனைத் திருத்த முடிந்ததோ? இல்லை. அந்நிரல் 2005-க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை என்றும், அதன் மூலம் தம்மிடம் இல்லை என்றும் கூறி, ஏஸ் வடிவத்தைத் திறக்கும் வசதியையே நீக்கிவிட்டனர். இருபது ஆண்டுகளுக்குமுன் தம் எழுத்துகளை ஏஸில் கட்டி வைத்தவர், சில பங்கு இடத்தை மிச்சப்படுத்தினார். இன்று அவற்றைத் திறக்கப் புறப்பட்டால் அலையவேண்டியிருக்கிறது. ஆர்வலர் சிலர் அவ்வடிவத்தைத் தாமே ஆராய்ந்து திறவு நிரல் எழுதி வைத்திருப்பது அவருடைய நற்பேறு. நற்பேற்றை நம்பி ஆவணங்களைக் காத்தல் இயலுமோ?

வடிவம் வெளிப்படையாயிருப்பினும் உரிமை வழக்கு வந்து தடுப்பதும் உண்டு. லெம்பல், ஸிவ் ஆகியோரின் 1978-ஆம் ஆண்டு முறையை டெர்ரி வெல்ச் என்பவர் 1984-இல் திருத்தியமைத்தார். அதற்குக் காப்புரிமை இருந்தமை பலர் கருத்தில் நிற்கவில்லை. யுனிக்ஸ் கணினிகளின் சுருக்கு நிரலும் ஜிஃப் என்னும் பட வடிவமும் அம்முறையையே கைக்கொண்டன. 1994-ஆம் ஆண்டின் இறுதியில், உரிமை பெற்றிருந்த யுனிஸிஸ் நிறுவனம் கட்டணம் கேட்கத் தொடங்கியபோது பெரும் கலக்கம் விளைந்தது. அக்கலக்கத்தின் பயனாகவே பி.என்.ஜி. பட வடிவம் பிறந்தது. அமெரிக்காவில் அவ்வுரிமை 2003-இல் காலாவதியாயிற்று.

ஆகவே ஆவணத்திற்குரிய வடிவத்தை ஆராய்வோர், அதன் இலக்கணம் பொதுவில் எழுதப்பட்டுள்ளதா, அதனைத் திறக்கும் நிரல்களை ஒருவரையொருவர் சாராத பலர் இயற்றியுள்ளனரா என்னும் இரண்டையும் பார்த்தல் வேண்டும். இவ்விரண்டிலும் ஸிப்புக்கு இணை வேறில்லை. அலுவலகங்களில் இந்நாள் வழங்கும் எழுத்துக் கோப்புகளும், மின்னூல்களுக்குரிய ஈபப் வடிவமும் உள்ளே ஸிப் கட்டுகளேயாம். உலகம் முழுவதும் தன் பத்திரங்களை ஸிப்பில் வைத்திருக்கும்போது அதனைத் திறக்க வழியின்றிப் போகும் காலம் அண்மையில் வாராது. 7-ஸிப்பின் மூல நிரலும் வெளிப்படையானதே. எனவே அதனையும் தக்கதெனக் கொள்ளலாம். ராரின் நிலை இடைப்பட்டது. திறக்கும் நிரலின் மூலத்தை அதன் உரிமையாளர் இலவசமாகக் கொடுத்திருக்கின்றனர். அதனைக் கொண்டு ரார் கோப்புகளை ஆக்கும் நிரலை மட்டும் இயற்றலாகாது என்பது நிபந்தனை. ஏஸுக்கு நேர்ந்தது ராருக்கு எளிதில் நேராது.

மூலம் வெளிப்படையாயிருந்தால் மட்டும் ஆபத்தில்லை என்று கொள்ளற்க. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்றார். ஆராய்ந்தபோது, எக்ஸ்-ஸெட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் ஒரு கள்ள வாயில் மறைத்து வைக்கப்பட்டிருத்தல் வெளிப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேலாகத் தொண்டு செய்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதனைப் புகுத்தியவர். அப்பெயருக்குரியவர் யாரென்பது வெளிவரவில்லை. முன்னரே எக்ஸ்-ஸெட்டில் கட்டிவைத்த கோப்புகளுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. வடிவம் வேறு, அதனை ஆளும் நிரல் வேறு. ஏஸின் பழுது 19 ஆண்டு மறைந்திருந்தது. இதுவோ சில வாரங்களில் அகப்பட்டது. மூலத்தைப் பிரித்துப் பார்க்க அவருக்கு இடமிருந்தமையே இவ்வேறுபாட்டிற்குப் பெருங் காரணமென நாம் எண்ணுகிறோம்.

இனித் தட்டில் விழும் கீறலைப் பற்றிப் பேசுவாம். சுருக்கிய கோப்பு சுருக்காத கோப்பினும் மெல்லியது. சாதாரண உரைக் கோப்பில் ஓர் எழுத்துக் கெட்டால் அவ்வெழுத்து ஒன்றே கெடும். சுருக்கிய கோப்பிலோ, பின்வருவன முன்வந்தவற்றைச் சுட்டி நிற்றலின், ஓரிடம் கெட்டால் அதனைச் சுட்டியவை யாவும் கெடும். ‘௸’ எனப் பத்து வரி எழுதிய ஏட்டில் முதல் வரியைச் செல்லரித்தால் மற்றப் பத்தும் என்னாம்? ஸிப் தன்னுள் அடங்கிய கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குவதால், ஒன்று கெடினும் மற்றவை பிழைக்கும். 7-ஸிப் தன் வழக்கப்படி பல கோப்புகளை ஒரே தொடராக்கிச் சுருக்குகிறது. அது மிகுதியாகச் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நடுவில் ஓரிடம் கெட்டால் அத்தொடரில் அதற்குப் பின்னுள்ளவை பெரும்பாலும் போய்விடும். அன்றியும் அதன் உள்ளடக்க அட்டவணை கோப்பின் கடைசியில் இருப்பதால் கடைப்பகுதி கெட்டாலும் இடரே. இம்முறையை நிறுத்திவிட்டுத் தனித்தனியே சுருக்கும்படி 7-ஸிப்பைப் பணிக்கலாம். ஆவணங்களுக்கு அவ்வாறே செய்க. பீஸிப்-2 இவ்வகையிற் சற்று நல்லது. அது 900 கிலோபைட் அளவுள்ள பகுதிகளாகப் பிரித்துச் சுருக்குவதால், கெட்ட பகுதியை விலக்கி மற்றவற்றை மீட்கும் துணை நிரல் அதற்கு உண்டு. எல்-ஸிப்புக்கும் மீட்பு நிரல் ஒன்று தனியே உண்டு.

கெடுவதை அறிவது வேறு; கெட்டதைச் செப்பனிடுவது வேறு. ஸிப்பில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அது பழுதைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. தீர்க்கும் வழியை 1960-இல் இர்விங் ரீட், கஸ்டவ் ஸாலமன் என்னும் இருவர் கணித வாயிலாகக் கண்டனர். குறுந்தட்டில் சிறு கீறல் விழுந்தும் பாட்டுத் தடையின்றி ஒலிப்பது அக்கணிதத்தின் உதவியாலேயாம். அதனையே கோப்புகளுக்குப் பயன்படுத்துவது பார்-2 என்னும் இலவச நிரல். தொகுதியின் அளவில் பத்தில் ஒரு பங்கு மீட்புக் கோப்புகளை அதனால் ஆக்கி உடன்வைத்தால், ஏறக்குறைய அவ்வளவு பங்கு கெட்டாலும் மூலத்தைத் திரும்ப ஆக்கிக்கொள்ளலாம். ரார் வடிவத்தில் இத்தகைய மீட்புப் பதிவை உள்ளேயே வைக்கும் வசதி நெடுங்காலமாக உண்டு. ராரை நாம் மெச்சுவது இதற்காகவே. ஸிப்பும் பார்-2-உம் சேர்ந்தால் அதே காப்பு வெளிப்படையான வடிவங்களாலேயே கிட்டுதலின், நாம் அவ்விணையையே தெரிந்துகொள்வோம். சுருக்கி மிச்சப்படுத்திய இடத்தில் ஒரு பகுதியை இவ்வாறு மீட்புக்குக் கொடுப்பது நல்ல செலவேயாகும்.

இதுகாறும் கூறியது நெடுங்கால ஆவணத்திற்கு. நாள்தோறும் எடுக்கும் காப்புப் பிரதியின் நோக்கம் வேறு. நேற்றுத் தவறி அழித்ததை இன்று மீட்பதே அதன் வேலை, முப்பது ஆண்டு அதற்கு வேண்டா, விரைவே வேண்டும். இதற்கு ஃபேஸ்புக் நிறுவனத்தில் யான் கொலே என்பார் இயற்றி 2016-இல் வெளியான ஸெட்-ஸ்டாண்டர்டு மிகத் தக்கது. அதன் இலக்கணமும் 2018-இல் பொது ஏடாக வெளிவந்தது. லினக்ஸ் கணினியைக் காப்புச் செய்வோர், 7-ஸிப்பின் வடிவம் கோப்புக்கு உடையவர் இன்னார் என்பதைப் பதியாது என்று அறிக. முதலில் டார் என்னும் நிரலாற் கட்டிப் பின்பே சுருக்குதல் வேண்டும். வன்தட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுப்பவர், காலியிடத்தைச் சுழிகளால் நிரப்பிவிட்டு எடுத்தால் படிமம் மிகச் சுருங்கும். இல்லையேல் முன்னே அழித்த கோப்புகளின் எச்சங்களையும் சுமக்க நேரும். காப்புத் தட்டை எந்நேரமும் கணினியோடு இணைத்து வைத்தலும் ஆகாது. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னகிரை என்ற தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய தீநிரல், கணினியோடு இணைந்திருக்கும் காப்புத் தட்டையும் பூட்டிவிடும். ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க ஒளித்தட்டை அவ்வாறு மாற்ற எவராலும் இயலாது. பழையதாய்விட்ட அத்தட்டுகளுக்கு இன்றும் உள்ள மதிப்பு இதனாலேயாம்.

ஒளித்தட்டிற் பதிவோர் அளவைச் சரியாகக் கணக்கிடுதல் வேண்டும். குறுந்தட்டு 700 மெகாபைட் கொள்ளும். டிவிடி ஒருபுற ஒற்றைப் படலத்தில் 4.7 ஜிகாபைட், ப்ளூ-ரே 25 ஜிகாபைட். டிவிடியின் 4.7 என்பது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு. 1,024-ஆற் பெருக்கும் கணினி அதனையே ஏறக்குறைய 4.37 என்று காட்டும். 4.5 எனக் கணினி காட்டும் தொகுதி அதில் அடங்காது. பழைய ஸிப் வடிவம் 4 ஜிகாபைட்டுக்கும் 65,535 கோப்புக்கும் மேற்பட்டதை ஏலாது. 2001-இல் வந்த ஸிப்-64 என்னும் விரிவு இத்தடையை நீக்கியது. எனினும் தொகுதியைத் தட்டுக்கு ஒன்றாக, தனித்தனி நிறைவுடைய கட்டுகளாய்ப் பிரித்து வைப்பதே நன்று. ஒரே பெருங்கட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பல தட்டுகளில் வைத்தால், ஒரு தட்டு தொலைந்தாலும் அனைத்தும் தொலையும்.

கோப்புகளின் பெயரிலும் கவனம் வேண்டும். ஸிப் தோன்றிய காலத்தில் அது ஆங்கில எழுத்தையே கருதியது. பெயர் யுடிஎஃப்-8 குறிமுறையில் உள்ளது எனக் காட்டும் அடையாளம் 2006-இல்தான் அதன் இலக்கணத்தில் ஏறிற்று. அதனை மதியாத நிரலால் கட்டினாலும் திறந்தாலும் தமிழ்ப் பெயர்கள் உருத்தெரியாமற் சிதையும். உள்ளடக்கம் கெடாது, ஆனால் ஆயிரம் பக்கப் படங்களுள் எது எந்த மலரினது என்று எவ்வாறு அறிவது? ஆதலின் கோப்பின் பெயரை ஆண்டும் பக்க எண்ணுமாக இலக்கங்களால் அமைத்து, தமிழ் விவரத்தைத் தனி அட்டவணையில் எழுதுக. கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவதைப் பற்றி ஒன்றே சொல்வோம்: பொது ஆவணத்திற்குப் பூட்டு வேண்டா. ஸிப்பின் பழைய பூட்டு வலியற்றதென 1994-இலேயே அறிஞர் காட்டினர். பின்வந்த பூட்டுகளோ வலியன, ஆதலின் சொல்லை மறந்தால் உடையவருக்கும் திறவா.

கட்டு முடிந்தபின், அதனை ஆக்கிய கணினியில் அன்றி வேறொரு கணினியில், வேறொரு நிரலால் திறந்து பார்த்தல் அவசியம். பார்த்து, சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டபின்பே மூலத்தை அப்புறப்படுத்தலாம். தட்டு ஒவ்வொன்றிலும் சுருக்காத சாதாரண உரைக் கோப்பு ஒன்றை வைத்து, உள்ளே இருப்பன எவை, எந்த நிரலின் எந்தப் பதிப்பால் கட்டப்பட்டன, எந்நாளில், எவ்வெண்களோடு ஒப்பிடவேண்டும் என்பவற்றை அதில் எழுதுக. இரண்டாம் பிரதி வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் எடுத்துச் சோதித்து, பழுது காணத் தொடங்கினால் உடனே புதுத் தட்டிற்கு மாற்றுக. தட்டின்மேல் பெயர் எழுதுவோர் பந்துமுனைப் பேனாவைக் கொள்ளற்க. மென்முனையுள்ள நீர்மைப் பேனாவே ஏற்றது. குறுந்தட்டில் செய்தி பதிந்த படலம், பலரும் எண்ணுவதுபோல் ஒளிரும் அடிப்புறத்திற்கு அணித்தாக இல்லை. நாம் பெயர் எழுதும் மேற்புறத்துப் பூச்சின் கீழேயே இருக்கிறது.